விரிசலை மறைத்து விற்கலாமா? செராமிக் நகரத்துக்குக் கிரேக்க ஞானிகள் சொல்லும் வியாபாரப் பாடம்!

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் 'செராமிக்' என்ற சொல்லைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கார்த்திகைக்கு ஏற்றும் அகல்விளக்கு, நவராத்திரி கொலுவில் வைக்கும் பொம்மை, வீட்டு மின் பெட்டியில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கேரியர் எனத் தமிழகத்தின் பல வீடுகளுக்குள் இந்த ஊரின் மண் நுழைந்திருக்கிறது. அருகில் இருக்கும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழில் இங்கே வேர்பிடிக்க முக்கியக் காரணம். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி என ஊரின் முகவரியாகவே அந்தச் சொல் மாறிவிட்டது.

அந்தச் சொல் பிறந்த ஊர் எது தெரியுமா? கிரேக்க மொழியில் 'கெராமோஸ்' என்றால் குயவரின் களிமண். பண்டைய ஏதென்ஸ் நகரில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'கெராமெய்கோஸ்' என்று பெயர். நகர மதிலுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று பரவியிருந்த குயவர் பேட்டை அது.

தத்துவ மேதை பிளேட்டோ கி.மு. 387 வாக்கில் தொடங்கிய 'அகாதமி'க்குப் போகும் சாலை அந்தப் பேட்டை வழியாகத்தான் சென்றது. இளைஞராக இருந்த சாக்ரடீஸ், முதியவர் பார்மெனிடீஸைச் சந்தித்து விவாதித்ததாகப் பிளேட்டோ எழுதும் காட்சியும் கெராமெய்கோஸில் இருந்த ஒரு வீட்டில்தான் நடக்கிறது. களிமண்ணும் சூளைப் புகையும் அந்தச் சிந்தனையாளர்களுக்கு அந்நியமல்ல. அதனால்தானோ என்னவோ, நேர்மையான தொழில் எது என்று அவர்கள் பேசும்போது குயவர் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்.

குயவர் பணக்காரரானால் என்ன ஆகும்?

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியில் ஒரு கேள்வி வருகிறது. ஒரு குயவர் பெரும் பணக்காரராகிவிட்டால், பிறகும் தன் தொழிலில் அக்கறை காட்டுவாரா? மாட்டார், சோம்பல் வந்துவிடும், கைத்திறன் கெடும் என்கிறார் சாக்ரடீஸ்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. அதே குயவர் கருவி வாங்கக்கூடக் காசில்லாத வறுமையில் இருந்தால்? அப்போதும் பொருள் மட்டமாகும். அவரிடம் தொழில் கற்கும் பிள்ளைகளும் மட்டமாகவே கற்பார்கள். ஆகவே, அளவுக்கு மீறிய செல்வம், அளவுக்கு மீறிய வறுமை இரண்டுமே தொழிலைக் கெடுக்கும் என்பது அவர் முடிவு.

ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் கழித்தும் எந்தச் சிறுதொழில் பேட்டைக்கும் பொருந்தும் கணக்கு இது. அகல்விளக்குக்குக் கார்த்திகை ஒரு பருவம், பொம்மைக்கு நவராத்திரி ஒரு பருவம். சரக்கு செய்வதற்கான மண், எரிபொருள், கூலி எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். சரக்கை வாங்கிப் போன வியாபாரி பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தால் சிறு உற்பத்தியாளர் என்ன செய்வார்? மண்ணின் தரத்தைக் குறைப்பார், சூட்டைக் குறைப்பார், கூலியைக் குறைப்பார். பிளேட்டோ பயந்தது இந்தச் சரிவைத்தான்.

இதைத் தடுக்க நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஆனால், அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சும் சிறு உற்பத்தியாளர், சட்டம் தன் பக்கம் இருந்தும் வாய் திறக்கத் தயங்குவார். அங்கேதான் சட்டத்தைத் தாண்டி, வாங்குபவரின் அறம் தேவைப்படுகிறது.

வன்னி இலையும் அரிஸ்டாட்டிலும்

கூலி விஷயத்தில் விருத்தாசலத்துக்கு ஏதென்ஸ் பாடம் எடுக்கத் தேவையில்லை. விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல வரலாறே அதைச் சொல்கிறது. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது, வேலையாள்களுக்குக் கூலியாக வன்னி மரத்தின் இலைகளைக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு ஏற்ப அந்த இலைகள் பொற்காசுகளாக மாறுமாம்.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஐந்தாம் பகுதியில் பேசுவதும் இந்த விகிதத்தைத்தான். எல்லோருக்கும் ஒரே அளவு தருவது மட்டுமே நீதியாகிவிடாது, அவரவர் தகுதிக்கும் பங்களிப்புக்கும் ஏற்ற விகிதத்தில் பகிர வேண்டும் என்கிறார். வீடு கட்டுபவர், செருப்பு தைப்பவர், விவசாயி மூவரும் தங்கள் உழைப்பை நியாயமான விகிதத்தில் மாற்றிக்கொள்ள முடிவதால்தான் ஊர் என்ற ஒன்று நிலைக்கிறது என்பது அவர் விளக்கம். அந்த விகிதத்தை அளக்க வந்த அளவுகோல்தான் பணம்.

ஒரு பொம்மை கடைக்கு வருவதற்கு முன் எத்தனை கைகள் மாறுகின்றன என்று பாருங்கள். மண் அரைக்க ஒருவர், கூழான களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்ற ஒருவர், காய்ந்ததும் பிசிறு நீக்க ஒருவர், கிளேஸ் பூச ஒருவர், சூளையில் அடுக்க ஒருவர், வண்ணம் தீட்ட ஒருவர். விற்ற விலையில் இவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு, அவர்கள் போட்ட உழைப்போடு பொருந்துகிறதா? வன்னி இலை கேட்கும் கேள்வியும் அரிஸ்டாட்டில் கேட்கும் கேள்வியும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

தானியக் கப்பல் சொன்ன புதிர்

வியாபார நேர்மை பற்றிய மிகப் பழைய விவாதங்களில் ஒன்று, ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44-ல் எழுதிய 'கடமைகள்' நூலில் இருக்கிறது.

கிரேக்கத் தீவான ரோட்ஸில் கடும் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து இறங்குகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாவிட்டால் கொள்ளை லாபம். அவர் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

ஸ்டோயிக் தத்துவவாதிகளான டயோஜனிஸும் (பாபிலோனைச் சேர்ந்தவர்), அவர் மாணவர் ஆன்டிபேட்டரும் இதில் எதிரெதிராக நிற்கிறார்கள். 'சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்லை' என்பது குருவின் கட்சி. 'விற்பவருக்குத் தெரிந்த எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவத்தான் பிறந்திருக்கிறார்கள்' என்பது சீடரின் கட்சி. மட்டமான மரத்தால் கட்டிய, இடிந்து விழும் நிலையில் உள்ள வீட்டைக் குறை சொல்லாமல் விற்கலாமா என்றும் இருவரும் மோதுகிறார்கள். சிசரோ தீர்ப்பு சீடர் பக்கம்.

செராமிக் தொழிலில் இந்தப் புதிர் தினமும் வரக்கூடியது. ஈரக் களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். சுருக்கம் சீராக இல்லாவிட்டால் மயிரிழை விரிசல் விழும். கிளேஸின் பளபளப்புக்குக் கீழே அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பொம்மையில் இருந்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரில் இருந்தால்? ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்பட்டால் போவது உயிர். உணவு பரிமாறும் கோப்பையின் கிளேஸில் ஈயம் கலந்து, அது சரியாக வேகாமல் இருந்தால், புளிப்பான உணவு பட்டதும் ஈயம் கரைந்து உடலுக்குள் போகும். வாங்குபவரால் இவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்தவருக்குத்தான் தெரியும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் பொறுப்பாக வழிசெய்திருக்கிறது. ஆன்டிபேட்டரின் கட்சியை நோக்கி நம் சட்டம் நகர்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

பேரம் வேண்டாம், சத்தியமும் வேண்டாம்!

பிளேட்டோ கடைசியாக எழுதிய 'சட்டங்கள்' நூலில் சந்தைக்கு ஒரு விதி வகுக்கிறார். ஒரு பொருளுக்கு ஒரு நாளில் ஒரே விலைதான் சொல்ல வேண்டும். விற்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அன்றைக்கு விலையை ஏற்றவோ இறக்கவோ கூடாது. பொருளைப் புகழ்ந்து தள்ளக் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது. இன்றைய தள்ளுபடி விளம்பரங்களைப் பார்த்தால் பிளேட்டோ தலைசுற்றிப் போவார்.

ஏதென்ஸ் உபதேசத்தோடு நிற்கவில்லை. குலுக்கல் முறையில் தேர்வான பத்து சந்தை அதிகாரிகள், பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எடைக்கும் அளவுக்கும் தனியாகப் பத்து பேர் இருந்தார்கள். நம் ஊர் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தராசில் முத்திரை பார்ப்பதற்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் அன்றே முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்.

கிரேக்கர்களிடம் குறையே இல்லையா? நிறைய உண்டு. அடிமை முறையை அரிஸ்டாட்டில் நியாயப்படுத்தினார். கைத்தொழில் செய்பவர்களையும் சில்லறை வியாபாரிகளையும் இருவருமே தாழ்வாகப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் நம் மரபு ஒரு படி மேல். பிறர் பொருளையும் தம் பொருள்போல் காத்துச் செய்வதே வாணிகம் என்று வணிகருக்கு நடுவுநிலைமை அதிகாரத்தில் இடம் கொடுத்தவர் வள்ளுவர். வாங்கும்போது கூடுதலாக எடுக்காத, விற்கும்போது குறைத்துக் கொடுக்காத காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

மச்சம் கையில் இருக்கட்டும்

நேர்மை எங்கிருந்து வரும்? சொற்பொழிவு கேட்டு வராது, பழகித்தான் வரும் என்கிறார் அரிஸ்டாட்டில். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார். அதேபோல நியாயமாக நடந்து நடந்துதான் ஒருவர் நியாயவான் ஆகிறார். குயவரின் பிள்ளைகள் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் பல காலம் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று பிளேட்டோவும் எழுதியிருக்கிறார். முதலாளி விரிசல் விட்ட சரக்கைத் தனியே ஒதுக்குவதைப் பார்க்கும் பையன் ஒதுக்கக் கற்றுக்கொள்வான். பூசி மறைப்பதைப் பார்க்கும் பையன் மறைக்கக் கற்றுக்கொள்வான்.

இதற்கும் விருத்தாசலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒரு பகுதி அதில் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன், மாற்று உரைத்துப் பார்க்க ஒரு துண்டுப் பொன்னை அவர் மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன் மாற்றுக் குறைவாக இருந்தபோது, இறைவனையே கேட்டு, தரம் சரியான பிறகுதான் ஏற்றுக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். கொடுப்பது கடவுளாகவே இருந்தாலும் தரம் பார்ப்பது தப்பில்லை!

சரக்கை அனுப்பும் முன் தொழில் செய்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். எனக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்கும் தெரியுமா? இதில் உழைத்தவர்களுக்கு உரிய பங்கு போய்ச் சேர்ந்ததா? இதே பொருளை என் வீட்டுக்கு வாங்குவேனா?

நமக்கும் ஒரு கேள்வி உண்டு. அடுத்த கார்த்திகைக்கு அகல்விளக்கு வாங்கும்போது, டஜனுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோமே, அந்த ஐந்து ரூபாய் யாருடைய பங்கிலிருந்து குறையும்?