பழைய காரில் புதிய பாட்டு!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் சிலவற்றில் தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் மட்டும் அல்ல, பழைய சொகுசுக் கார்களும் பத்திரமாக இருக்கின்றன. தாத்தா வாங்கிய கார். அப்பா ஓட்டிய கார். கல்யாணத்துக்கோ, கோவில் திருவிழாவுக்கோ அதை வெளியே எடுப்பார்கள். தூசி தட்டி, புது பாட்டரி போட்டு, ஓட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடும். விளக்கு எரியும். பாட்டுப் பெட்டி மட்டும் பாடாது!

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினால் என்ன?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். செல்போனில் உள்ள பாட்டைக் காரில் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "காரோடு வந்ததைக் கழற்றாதே" என்பார் பெரியவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

பாட்டுக் கேட்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல. காரைக்குடியில் அவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் இசைத்தட்டுகள் விற்றார்கள். அவருடைய மகன்தான் ஏ.வி.மெய்யப்பன். காரைக்குடியில் அவர் போட்ட ஸ்டூடியோவில் தயாரான "நாம் இருவர்" 1947-ல் வெளிவந்து, பாரதியார் பாடல்களைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பியது.

தீப்பிடித்த கார்

காரில் ரேடியோ வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த பால் கால்வின். 1930-ல் அவர் தம்முடைய காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார். அந்த ரேடியோவுக்கு "மோட்டரோலா" என்று பெயர் வைத்தார். பிறகு அதுவே கம்பெனியின் பெயராகிவிட்டது.

கால்வினைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கடன் கேட்கப் போன இடத்தில், பாங்கிக்காரரின் மனதைக் கவர வேண்டும் என்று, அவருடைய "பக்கார்டு" காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டதாம்! கடன் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியது இல்லை.

கதை எப்படியோ, அதில் உள்ள ஆபத்து உண்மையானது. பழைய காரின் ஒயர்களில் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். அதை வெட்டி, முறுக்கி, டேப்பைச் சுற்றி, பியூஸ் போடாமல் புதுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒயர் சூடேறும். உறை உருகும். பக்கத்தில் இருப்பதோ பஞ்சும் துணியும்!

இன்னொரு கோளாறும் உண்டு. 1950-களின் நடுப்பகுதி வரை வந்த அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பாட்டரி 6 வோல்ட்தான். இப்போதைய பெட்டிகளுக்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் "பிளஸ்" முனையைக் காரின் உடம்போடு இணைத்திருப்பார்கள். இப்போதைய கார்களில் "மைனஸ்" முனைதான் அப்படி இருக்கும். இது தெரியாமல் புதுப் பெட்டியை மாட்டினால், சுவிட்சைப் போட்டவுடன் அது கருகிவிடும்.

வாய் திறக்காத பெட்டி

1980, 1990-களில் வந்த சொகுசுக் கார்களின் கதை வேறு. பெரும்பாலும் அவற்றில் பாட்டுப் பெட்டி கெட்டுப் போயிருக்காது. பூட்டிக்கொண்டிருக்கும்! திருடர்களுக்குப் பயந்து, கம்பெனிக்காரர்கள் அதற்கு ஒரு ரகசிய எண் வைத்தார்கள். பாட்டரியைக் கழற்றி மாட்டினால், அந்த எண்ணைச் சொன்னால்தான் பெட்டி மறுபடியும் பாடும். சில தடவை தப்பாகச் சொன்னால், நெடுநேரம் வாயைத் திறக்காது.

எண் எங்கே இருக்கும்? கார் வாங்கியபோது கொடுத்த புத்தகத்துக்குள் ஒரு சின்ன அட்டையில் இருக்கும். அந்த அட்டை வீட்டுப் பெட்டகத்தில் பத்திரத்தோடு பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தேடிப் பார்க்காமலே நல்ல பெட்டியைக் குப்பை என்று கழற்றிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்றைக் கழற்றினால் எல்லாம் ஊமை

1990-களின் கடைசியில் சொகுசுக் கார்களில் ஒரு புதுமை வந்தது. ரேடியோ, ஒலிபெருக்கும் ஆம்ப்ளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, டெலிபோன் எல்லாவற்றையும் நூல் போன்ற ஒளி இழையால் மாலைபோலக் கோத்துவிட்டார்கள். செய்தி வெளிச்சமாக மாறி, ஒவ்வொன்றாகக் கடந்து வட்டம் சுற்றி வரும். மாலையில் ஒரு முத்தைப் பிடுங்கினால் மாலையே அறுந்துவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். ரேடியோவைக் கழற்றினால் மற்றவையும் பேசாது. "காரே கெட்டுப்போச்சு" என்று வீட்டார் அலறுவார்கள். கார் கெடவில்லை, வட்டம்தான் அறுந்திருக்கிறது. கழற்றிய இடத்தில் வட்டத்தை மூடுவதற்கு ஒரு சின்ன இணைப்பு போதும். ஆனால் இதை அறிந்த மெக்கானிக் வேண்டும்.

ஒலிபெருக்கிகளிலும் சூட்சுமம் இருக்கிறது. இதில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற வங்காளி ஒருவர், கல்கத்தாவிலிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் அமர் போஸ். அவர் தொடங்கிய "போஸ்" கம்பெனி, காரின் உள் அமைப்பை அளந்து, அதற்கு ஏற்ற ஒலிபெருக்கிகளைச் செய்து, 1983-ம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் பொருத்தியது. அதிலிருந்து பல சொகுசுக் கார்களில் பெட்டி, ஆம்ப்ளிபயர், ஒலிபெருக்கி மூன்றும் ஒன்றுக்கொன்று ஜோடியாகவே வந்தன. பெட்டியை மட்டும் மாற்றி, பழைய ஒலிபெருக்கியோடு நேராக இணைத்தால் ஒத்துப்போகாது. சத்தம் கரகரக்கும். பெட்டி சூடேறி நின்றுபோகவும் கூடும்.

பத்தே நாளில் பாட்டரி காலி

காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பாட்டரிகளைப் பற்றியும் ஆராய்ச்சி செய்கிறார்கள். அவ்வளவு படிப்பு இல்லாமலே ஒரு கணக்குப் போடலாம். 60 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி ஒன்று. ஒயரைத் தப்பாக இணைத்ததால், சாவியை எடுத்த பிறகும் புதுப் பெட்டி கால் ஆம்பியர் மின்சாரம் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. பத்தே நாளில் பாட்டரி காலி! திருவிழாவுக்குத் திருவிழா எடுக்கும் காருக்கு இது பெரிய தொல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? பழைய பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, உள்ளே மட்டும் செல்போன் பாட்டை வாங்கும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். வெளியே பார்த்தால் அதே குமிழ், அதே முகம்! பழைய முகத்தோடு புதுப் பெட்டிகளும் வருகின்றன. 2020-ல் போர்ஷே கம்பெனியே தன் பழைய கார்களுக்காக அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியின் அளவு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஜெர்மானியர் வகுத்த அளவு உலகம் முழுவதும் செல்லும். அந்த அளவில் வாங்கினால் முன்பலகையை அறுக்க வேண்டியது இல்லை. காரின் ஒயர்களையும் வெட்டாமல், நடுவில் ஒரு மாற்றுப் பிளக் போட்டு இணைக்கலாம். கூலி கொஞ்சம் கூடும். கூடினால் கூடட்டும். பின்னால் பழையபடி மாற்ற அது ஒன்றுதான் வழி.

2021-ல் மத்திய அரசாங்கம் பழங்காலக் கார்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, பெரிய மாறுதல் செய்யாமல் அசல் உருவில் உள்ள வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. ஒரு ரேடியோவை மாற்றியதால் தகுதி போய்விடாது. ஆனால் முன்பலகையை ரம்பம் போட்டு அறுத்த காருக்கு, வாங்க வருகிறவர் கொடுக்கும் விலை தானாக இறங்கிவிடும்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் மறக்கக்கூடாது. கம்பெனி பொருத்தாத மின்சாதனத்தைத் தனியாகச் சொல்லி, அதற்குப் பிரிமியம் கட்டியிருந்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், இடித்த வீடுகளின் தூண்களும், கதவுகளும், பழைய ரேடியோக்களும் கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. அப்பா விற்ற பொருளுக்கு ஜோடியைத் தேடி மகன் வருவதும் அங்கே நடக்காதது அல்ல. எனவே புதுப் பெட்டியை மாட்டுகிறவர்கள், கழற்றிய பழையதைத் துணியில் சுற்றி, திருகாணிகளையும் ரகசிய எண் அட்டையையும் கூடவே முடிந்து, வீட்டு அலமாரியிலேயே வைத்துவிடலாம். பெரியவரும் அதற்குச் சம்மதிப்பார்.