பற்குழியும் தேயிலையும்

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் பல் கழற்றிவிட்டுக் கண்டி பஸ்ஸுக்கு நிற்பவரைக் கன்னமே காட்டிக்கொடுக்கும். உள்ளே மடித்த கோஸ் துணி. அரைமணி நேரம் அதை இறுகக் கடித்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்கிறார், சிவப்பைக் கண்டு பயந்து வாய் கொப்பளிக்கிறார். நிற்கப்போன இரத்தம் மறுபடி கசிகிறது.

பற்குழியில் அறுந்த சிறு இரத்தக் குழாய்கள் முதலில் சுருங்கும். குருதிச் சிறுதட்டுகள் அங்கே ஒட்டித் திரண்டு அடைக்கும். அதன்மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழை வலை பின்னும். கைக்காயத்துக்கு இல்லாத தொல்லையொன்று இங்கே உண்டு: எச்சில். அந்த வலையைக் கரைக்கத் தூண்டும் பொருள்கள் அதில் இருக்கின்றன. கொப்பளித்தாலும் காறித் துப்பினாலும் இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். முதல் 24 மணி நேரம் உப்புத் தண்ணீர்கூட வேண்டாம்.

வலை கரையாமல் காப்பது டிரானெக்சாமிக் அமிலம். பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரை நினைத்து, ஜப்பானில் உதாகோ ஒகாமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் தேடிக் கண்டு 1962இல் அறிவித்த மருந்து. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து குடிப்பவர்கள் பல் கழற்றினால், இதன் 5 வீதக் கரைசலை வாயில் வைத்திருக்கக் கொடுப்பதுண்டு.

நம் அடுப்படியிலும் ஓர் உதவி இருக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட அதே தேயிலைதான். அதன் துவர்ப்புக்குக் காரணமான டனின் புரதங்களை இறுக்கும். தேயிலைப் பையை வெந்நீரில் நனைத்து, ஆறவிட்டு, பிழிந்து, குழிமேல் வைத்துக் கடிக்கலாம். ஆனால் சுடச்சுடப் பிளேன்டீ குடித்தால் சூட்டில் குழாய்கள் விரிந்து இரத்தம் கூடும். மலைக்குளிரில் இது கஷ்டம்தான்; ஒரு நாளைக்கு ஆறிய தேத்தண்ணியே குடியுங்கள். வெற்றிலை, சுருட்டுக்கும் விடுமுறை கொடுங்கள்.

நோவுக்கு அஸ்பிரின் போடாதீர்கள். அது சிறுதட்டுகள் ஒட்டுவதைக் கெடுக்கும். பரசிட்டமோல் போதும். இதயத்துக்காக வைத்தியர் தந்த அஸ்பிரின் வேறு விஷயம். அதை நீங்களாக நிறுத்துவது பெரிய ஆபத்து. அதைப் போடுவதைப் பல் கழற்றுமுன்பே பல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அண்மையில் டெங்கு வந்திருந்தாலும் சொல்லுங்கள், அந்தக் காய்ச்சலில் சிறுதட்டுகள் குறையும்.

ஒரு நாள் வரை எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. வாய் நிறைய இரத்தம் ஊறினால் புதுத் துணி வைத்து இன்னும் அரைமணி கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், இரவானாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். குழிக்குள் இரத்தம் உறையவைக்கும் பஞ்சை வைத்து, ஈறை இழுத்து இரண்டு தையல் போட்டால் அநேகமாக நின்றுவிடும்.