வெயிலும் மேனியும்

கதிரவன் இன்றேல் உலகில் உயிர் இல்லை. பயிர் பச்சை கட்டுவதும், கடல்நீர் ஆவியாகி மழையாய்த் திரும்புவதும், எலும்புக்கு உறுதி தரும் வைட்டமின் டி நம் தோலில் உண்டாவதும் அவனாலேயே நிகழ்கின்றன. ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற முதுமொழி வெயிலுக்கும் பொருந்தும். வெயிலில் நம் மேனிக்கு ஊறு விளைப்பது எது, அதனின்று குடும்பத்தார் அனைவரும் தம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

வெயில் என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று ஒளி; மற்றொன்று வெப்பம். ஒளியைக் கண் அறியும். வெப்பத்தை மெய் அறியும். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் கதிரவனிடமிருந்து வருகிறது. அதனை 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஜோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் கண்டறிந்தார். முப்பட்டைக் கண்ணாடியின் வழியே கதிரொளி சென்றால் அது வானவில்போல் பல நிறங்களாகப் பிரியும் அன்றோ? அந்த நிறங்களின்மீது வெள்ளி குளோரைடு தோய்ந்த தாளை வைத்து அவர் சோதித்தார். ஒளி பட்டால் கறுப்பது அப்பொருளின் இயல்பு. ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்தில், அது மிக விரைவாகக் கறுத்தது! புலனுக்கு எட்டாத அக்கதிர்களையே இன்று புற ஊதாக் கதிர்கள் என வழங்குகிறோம்.

இக்கதிர்களை ஏ, பி, சி என மூவகையாகப் பிரிப்பர். இவற்றுள் கொடியதாகிய சி வகையை வானின் மேற்பரப்பிலுள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. பி வகையின் பெரும்பகுதியும் அங்கேயே அடங்கிவிடும். எஞ்சி வருவது தோலின் மேலடுக்கைத் தாக்கிச் சிவக்கச் செய்யும். ஏ வகையோ ஏறக்குறைய முழுவதும் நிலத்தை அடையும்; சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும்; தோலின் ஆழத்திற்குச் சென்று, அதன் நெகிழ்ச்சியைக் குலைத்து, சுருக்கங்களை உண்டாக்கும்.

தோலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை ஒன்று உண்டு. அவ்வணு எவ்வாறு வளர வேண்டும், எப்போது பெருக வேண்டும் என்பதற்கான கட்டளைகள் அதில் அடங்கியுள்ளன. புற ஊதாக் கதிர் பட்டால் அவ்விழையில் ஊறு நேர்கிறது. உடல் சும்மா இருப்பதில்லை. உடனே அதனைச் செப்பனிடுகிறது. எனினும் நாள்தோறும் பல்லாயிரம் ஊறுகளைச் செப்பனிடும்போது, சில பிழைகள் தங்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் அவை சேர்ந்துகொண்டே போகும். பத்து வயதில் பட்ட வெயிலின் விளைவு ஐம்பது வயதில் புற்றுநோயாகத் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். தோல் வைத்திருக்கும் இக்கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டுமே உண்டு, கழித்தல் இல்லை.

இங்கு நாம் மறவாமல் உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு. வெயிலின் சூடு வேறு. ஊறு செய்யும் கதிர் வேறு. சூடு குறைந்திருப்பதால் கதிரும் குறைந்திருக்கும் என எண்ணுவது தவறு. மெல்லிய மேகத்தைக் கடந்து புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதி வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஓராயிரம் மீட்டர் உயரச் செல்லுந்தோறும் அவற்றின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடும். ஆகவே, 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகமண்டலத்திற்குச் சுற்றுலா செல்லும் மாணவர், குளிரில் நடுங்கிக்கொண்டே சமவெளியைவிட வலிய கதிர்களுக்கு ஆளாகக்கூடும். இக்கதிர்களை அளந்தறிய எளிய கருவி ஒன்று நம்முடனேயே இருக்கிறது. அது நம் நிழல். நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில் கதிர் வலியது. நீண்டிருக்கும் காலையிலும் மாலையிலும் மெலியது.

இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நாடு ஆஸ்திரேலியா. மங்கிய வெயிலுக்குப் பழகிய பிரித்தானியரும் பிற ஐரோப்பியரும் அங்குக் குடியேறினர். அவர்களுடைய வெண்மேனி அந்நாட்டுக் கடும் வெயிலுக்கு ஏற்றதன்று. போதாக்குறைக்கு, கடற்கரையில் கிடந்து உடலைப் பழுப்பாக்கிக்கொள்வது நலத்தின் அடையாளம் என்ற எண்ணமும் இருபதாம் நூற்றாண்டில் பரவிற்று. விளைவு என்ன? அந்நாட்டு மக்களில் மூவரில் இருவர் எழுபது வயதுக்குள் ஏதேனும் ஒருவகைத் தோல் புற்றுக்கு ஆளாவர் எனக் கணக்கிடும் நிலை வந்தது.

1981-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்த் தடுப்புக் கழகம் ஒரு பிரசாரத்தைத் தொடங்கிற்று. கடற்பறவை ஒன்று ஆடிப்பாடிக்கொண்டு, 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' என்று மக்களுக்கு மூன்று சொற்களைக் கற்பித்தது. சட்டையை மாட்டிக்கொள், களிம்பைப் பூசிக்கொள், தொப்பியைக் கவிழ்த்துக்கொள் என்பது அவற்றின் பொருள். குழந்தைகள் அப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். தொப்பி இல்லாதவருக்கு விளையாட்டு இல்லை என்ற விதியைப் பல பள்ளிகள் மேற்கொண்டன. செயற்கைக் கதிரால் உடலைப் பழுப்பாக்கும் வணிக நிலையங்கள் 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் தடைசெய்யப்பட்டன.

களிம்பு உண்மையிலேயே பயன் தருமா என்ற ஐயத்தையும் அந்நாடே தீர்த்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்பது ஒரு சிற்றூர். அங்கு 1992-ஆம் ஆண்டில் 1,621 பேர் ஓர் ஆராய்ச்சிக்கு உடன்பட்டனர். சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்களைப் பகுத்து, ஒரு சாராரை நாள்தோறும் தலை, கழுத்து, கைகளில் களிம்பு பூசச் செய்தனர். மற்றவரைத் தம் பழைய வழக்கப்படியே விட்டனர். நாலரை ஆண்டுகளுக்குப்பின் நோக்கியபோது, செதிள்செல் புற்று என்னும் வகை நாள்தோறும் பூசியவரிடம் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அடிச்செல் புற்று என்னும் மற்றொரு வகையில் அக்கால அளவில் வேறுபாடு தோன்றவில்லை. மேலும் பத்தாண்டுகள் கடந்தபின், கொடிய மெலனோமா வகை பூசியவரிடம் பதினொன்றாகவும் மற்றவரிடம் இருபத்திரண்டாகவும் காணப்பட்டது. எண்ணிக்கை சிறிதாயினும் அது காட்டும் திசை தெளிவு.

சன்ஸ்கிரீன் எனப்படும் இக்களிம்பு இருவகையால் வேலை செய்கிறது. அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். துத்தநாக ஆக்சைடு, டைட்டேனியம் டை ஆக்சைடு போன்ற தாதுப்பொடிகள் கதிரை உறிஞ்சுவதோடு ஓரளவு சிதறவும் செய்யும். குப்பியின்மேல் எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கும். 15 என்றால் தோலைச் சிவக்கச் செய்யும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கே உட்புகும். 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு. 50 என்பது 30-ஐவிடச் சிறிதே மேலானது. இவ்வெண் பெரும்பாலும் பி வகையையே குறிப்பதால், ஏ வகையையும் தடுப்பதாக எழுதியிருக்கிறதா என்றும் நோக்கவேண்டும்.

பூசும் முறையிலேதான் பலரும் தவறுகின்றனர். முகத்துக்கும் கழுத்துக்குமாக ஒரு தேக்கரண்டியும், ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டியும் வேண்டும். வெளியே செல்வதற்கு இருபது நிமிடம் முன்னரே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தியபின்னும் வியர்த்தபின்னும் மீண்டும் பூசவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத மகவுக்கு நிழலும் மெல்லிய ஆடையுமே தக்க காப்பு. களிம்பு எவர்க்கும் முதற் காப்பன்று. நிழல், ஆடை, தொப்பி அல்லது குடை ஆகியவற்றுக்கு எட்டாத இடங்களைக் காப்பதே அதன் பணி. களிம்பு வாங்க வசதியற்ற இல்லத்திலும் முன்னவை உண்டு.

இது வெண்மேனியர் கவலை, நமக்கென்ன என்று மாணவர் சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. நம் தோலில் மெலனின் என்னும் கருநிறமி மிகுதி. அது ஒவ்வோர் உயிரணுவிலும் உட்கருவின்மேல் குடைபோல் கவிந்து நின்று அதனைக் காக்கிறது. அதனால் வெயிலால் வரும் தோல் புற்று நம்மிடையே மிகக் குறைவு. ஆயினும் அக்குடை முழுமையானதன்று. மங்கு படர்வதையும், தோல் முதிர்வதையும் அது முற்றிலும் தடுப்பதில்லை. கண்ணுக்கோ அக்குடை உதவாது. கண்புரைக்கு இக்கதிர்களும் ஒரு காரணம். வயலிலும் கடலிலும் சாலையிலும் உழைப்போர் அகன்ற தொப்பி அணிவது தோலுக்கு மட்டுமின்றிக் கண்ணுக்கும் காப்பாகும். பிறவியிலேயே நிறமி குன்றியவர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு வெயிற்காப்பு உயிர்க்காப்பே. அத்தகைய மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருப்பின், அவர் வேண்டுவது நிழலான இடமும் ஒரு தொப்பியும். உற்றுநோக்கும் பார்வையோ கேலியோ அன்று.

இன்னும் ஒன்று. வெயிலைத் தடுக்கும் களிம்பு வேறு. மேனியை வெளுக்கச் செய்வதாகச் சொல்லி விற்கும் களிம்பு வேறு. பின்னதில் பாதரசம் கலந்தவையும் உலகின் பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியர் வெண்மையை வெறுத்துப் பழுப்பாக முயன்று நோயைத் தேடிக்கொண்டனர். நாமோ கருமையை வெறுத்து வெண்மையாக முயன்று, இயற்கை ஈந்த குடையைக் கிழித்துக்கொள்ள முற்படுகிறோம். இரண்டும் ஒரே பேதைமை. தோலின் பெருமை அதன் நிறத்தில் இல்லை. அது ஆற்றும் காவலில் இருக்கிறது. அந்தக் காவலனுக்கு நண்பகலில் சிறிது நிழலும், வேண்டும்போது சிறிது பூச்சும் தந்து துணைநிற்பது நம் ஒவ்வொருவர் கடமையாகும்.