அழகுப் பொருள்களில் ஈயமும் பாதரசமும்

ஒப்பனைப் பொருள்களுக்குள் கன உலோகங்கள் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றன. ஒன்று தற்செயலாக. மினுமினுப்புக்குச் சேர்க்கும் மைக்கா, பவுடருக்கு அடிப்படையான டால்க், முகப்பூச்சுக் களிமண் எல்லாம் மண்ணிலிருந்து வெட்டியெடுப்பவை. ஈயம், ஆர்செனிக், காட்மியம், நிக்கல், குரோமியம் போன்றவை அவற்றோடு சிறு அளவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று தெரிந்தே சேர்ப்பது: தோலை வெளுக்கப் பாதரசம், குங்குமம் பளிச்சென்று சிவக்க ஈயச் செந்தூரம், கண்ணுக்கு ஈயத் தாதுவின் பொடி. முதல் வகையில் உலோகம் பெரும்பாலும் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்காக, அதாவது ஒன்றிரண்டு பி.பி.எம். அளவில் இருக்கும். இரண்டாவது வகையில் அது ஆயிரக்கணக்கான பி.பி.எம்., பல சமயம் சதவீதக் கணக்கு. ஒரு சதவீதம் என்றாலே 10,000 பி.பி.எம். லிப்ஸ்டிக்கைப் பற்றி எழும் பயத்தில் பாதியாவது பெயர் தெரியாத சிவப்பழகு கிரீமைப் பற்றி எழ வேண்டும், நடப்பதோ நேர்மாறு.

சிவப்பழகு கிரீமும் சிறுநீரகமும்

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைப் பாதரசம் முடக்கிவிடுகிறது. அதனால் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது. கிரீம் ‘வேலை செய்கிறது’ என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும் என்பதால் பலரும் விடாமல் பூசுகிறார்கள். பூசிய பாதரச உப்பு தோல் வழியே ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது.

இதன் விளைவு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்குள்ள மருத்துவர்கள் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயாளிகள் 22 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை; அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசிவந்தவர்கள். இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறும். சிறுநீர் நுரைத்துப் போவதும், காலும் கண்ணிமையும் வீங்குவதும் முதல் அடையாளங்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

பூசியவரோடு இது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டும். கிரீமைத் தொட்டே இராத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் கண்டறியப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் 2019இல் ஒரு பெண் நினைவு குன்றிய நிலைக்குப் போனார். அவர் பூசிய கிரீமில் வெளியாள் யாரோ கலந்திருந்தது மூளையைத் தாக்கும் கரிமப் பாதரசம்.

பாதரசம் குறித்து 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களுக்குத் தடை விதிக்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும், தற்செயலாகக் கலக்கும் பாதரசம் 1 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. கண்ணுக்கான பொருள்களுக்கு மட்டும் வரம்பு 70 பி.பி.எம். பிடிபடும் சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் ஆயிரக்கணக்கான பி.பி.எம். இருப்பது வழக்கம்.

கண்மையும் சுர்மாவும்

விளக்கெண்ணெய் விளக்கின் கரியைத் தட்டில் பிடித்து வழித்தெடுக்கும் மை வேறு, சுர்மா வேறு. சுர்மா கல்லைப் பொடித்துச் செய்வது; அதற்காக அஞ்சனக்கல் என்ற பெயரில் விற்கும் பளபளப்பான சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் ஈய சல்ஃபைடு. 2011இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு கைக்குழந்தையின் கண்ணுக்கு இட்ட, நைஜீரியாவிலிருந்து வந்த ‘டிரோ’ என்ற மையில் 82.6 சதவீதம் ஈயம் இருந்தது. 2013இல் அல்புகர்க் நகரில் சிக்கிய ஆப்கானிஸ்தான் காஜலில் 54 சதவீதம்.

ஈய உப்பு தோல் வழியாக அதிகம் உள்ளே போவதில்லை. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும், வழி அதுதான். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் சுமார் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும் என்றால், குழந்தைகளின் குடல் ஏறத்தாழ பாதியை உறிஞ்சிவிடும். அறிவு வளர்ச்சியைப் பாதிக்காத ‘பாதுகாப்பான அளவு’ என்று ஈயத்துக்கு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதைக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்கலாம். கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம். ஈயம் இல்லாத மையிலும் கிருமித் தொற்று அபாயம் உண்டு.

குங்குமம்

மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் சேர்த்துச் செய்த குங்குமம் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். ஆரஞ்சு சாயல் தூக்கலாகத் தெரிந்தால் ஈயச் செந்தூரம் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து ஈயம் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர் குங்கும மாதிரிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. மூன்றில் 10,000 பி.பி.எம்.-க்கும் மேல். நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம். வரையே இருக்கலாம் என்பது இந்திய விதி.

உடலில் சேரும் ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது ஈயமும் கூடவே இறங்கிக் கருவைச் சேரும். நெற்றியில் இட்ட விரலைக் கழுவாமல் சமையலுக்குப் போகாதிருப்பதும், குங்குமச் சிமிழைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் சின்ன விஷயங்கள்தான். ஈயம் வாய்க்குப் போகும் வழியை அவை அடைக்கின்றன.

லிப்ஸ்டிக்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்ததில் சராசரி ஈயம் 1.11 பி.பி.எம்., அதிகபட்சம் 7.19. அந்த அமைப்பு பரிந்துரைக்கும் உச்சவரம்பு 10. தங்க மோதிரத்தை லிப்ஸ்டிக்கில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும், அதுதான் ஈயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வெறும் கதை. ஐஷேடோவிலும் மஸ்காராவிலும் இருக்கும் நிக்கல், குரோமியம் சிலருக்கு இமையில் அரிப்பும் தடிப்பும் தரும். பொருளை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கும்போது

தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல், காலாவதித் தேதி ஆகியவை இல்லாத பொருளை வாங்காமல் இருப்பதே முதல் வேலை. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். பார்லரில் பெயரில்லாத டப்பியில் கலந்து தரும் ‘ஸ்பெஷல்’ கிரீம்களுக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. உட்பொருள் பட்டியலில் வரும் கலோமல், மெர்க்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்க்குரி, மெர்க்குரியோ எல்லாம் பாதரசத்தைக் குறிக்கும் பெயர்கள். இன்னொரு துப்பு: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று சில டப்பிகளில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். தங்கத்தோடு சேர்ந்து அதைக் கெடுப்பது பாதரசத்தின் குணம்.

சந்தேகம் வந்தால்

சந்தேகமான கிரீமைப் பூசியவர்கள் உடனே நிறுத்திவிட்டு, டப்பியோடு மருத்துவரிடம் போவது நல்லது. சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனை எளிது, செலவும் குறைவு. பாதரச உப்பின் அளவைச் சிறுநீரிலும் ஈயத்தை ரத்தத்திலும் அளப்பார்கள். உலோகத்தை உடலிலிருந்து நீக்கும் ‘கீலேஷன்’ மருந்துகளுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் உண்டு. அவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மிச்சமுள்ள கிரீமைக் கழுவுதொட்டியில் கரைக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. மூடிய டப்பியை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.