கல்லையும் கடிக்கும் நாய்க்கு எதைக் கொடுக்கலாம்? தோவாளை அரளிக் குச்சி முதல் கடை எலும்பு வரை

விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும் சந்தை தோவாளை பூச்சந்தை. பிச்சி, மல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை, அரளி என்று மூட்டை மூட்டையாக இறங்கும் பூ, கேரளா வரைக்கும் போகிறது. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கமெல்லாம் பூந்தோட்டங்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்ப்பதும் எந்த ஊரையும் போல இங்கே சகஜம்.

அந்த நாய் கடிக்கிற நாயாக இருந்தால்தான் சிக்கல். கடிக்கிறதுன்னா ஆளை இல்லை. செருப்பு, கதவு நிலை, பிளாஸ்டிக் வாளி, கட்டில் கால் என்று வாயில் சிக்கியதை எல்லாம் கடித்துக் குதறும் நாய்.

"நல்லா கெட்டியா ஏதாவது வாங்கிப் போடுங்க, ரொம்ப நாள் வரும்." இப்படி ஒரு நாயை வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டிலும் கடையிலும் கிடைக்கும் யோசனை இதுதான். பலமாகக் கடிக்கும் நாய்க்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. தேயாத பொருளை நாய் கடித்தால், தேயப்போவது பல்.

தூக்கி எறியும் குச்சி எந்தச் செடியுடையது?

காசு கொடுக்காமல் கிடைக்கும் முதல் கடிபொருள் குச்சி. எறிந்தால் ஓடிப்போய் எடுக்கும், அங்கேயே உட்கார்ந்து மென்று துப்பும். சாதாரணமாகக் குச்சியால் வரும் தொல்லை, வாய்க்குள்ளும் தொண்டையிலும் சிலாம்பு குத்துவது. ஆனால் தோவாளை மாதிரி பூ விளையும் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வரப்போரம் வெட்டிப் போட்டிருக்கும் அந்தக் குச்சி அரளியா?

செவ்வரளி, வெள்ளரளி எதுவானாலும் பூ, இலை, தண்டு, பட்டை, வேர் எல்லாமே நஞ்சு. அதில் இருக்கும் ஒலியாண்ட்ரின் போன்ற பொருட்கள் நேராக இதயத்தைத் தாக்கி, துடிப்பின் தாளத்தையே குலைத்துவிடும். மஞ்சள் அரளி வேறு செடி என்றாலும் அதுவும் இதே வகை நஞ்சுதான். அதன் விதை இன்னும் மோசம். "காஞ்சு போச்சு, இனி என்ன?" என்று நினைக்கக் கூடாது. காய்ந்த அரளியிலும் நஞ்சு அப்படியே இருக்கும்.

கேரளாவில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆலப்புழா மாவட்டத்தில் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகமும், பத்தனம்திட்டாவில் அரளி தின்ற மாடு இறந்த செய்தியும்தான் அதற்குக் காரணம். மாட்டுக்கே அந்தக் கதி என்றால், 15, 20 கிலோ எடையுள்ள நாய்க்கு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அரளியைப் பார்த்ததும் தெரியும். குச்சியைத் தூக்கி எறிந்து விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. அவர்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டால் போதும்.

கிழங்கு விளையும் பக்கத்தில் மரச்சீனிக் குச்சிக்கும் பச்சைக் கிழங்குக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வேகவைக்காத மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

பல் ஏன் உடைகிறது?

வளர்ந்த நாய்க்கு 42 பல். அதில் கடினமானதை உடைக்க நாய் நம்புவது கன்னத்துப் பக்கம் இருக்கும் பெரிய வெட்டும் பற்களை. மேல் தாடையில் பக்கத்துக்கு ஒன்று, கீழ்த் தாடையில் பக்கத்துக்கு ஒன்று. கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடு ஒன்று உரசி வேலை செய்பவை இவை. பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் மேல்பூச்சான எனாமல், மனிதப் பல்லில் இருப்பதைவிட மெல்லியது.

கல் மாதிரி இருக்கும் பொருளை நாய் முழு பலத்தோடு கடிக்கும்போது, மேல் பல்லின் வெளிப்பக்கம் பாளமாகப் பெயர்ந்து வந்துவிடும். உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அங்கிருந்து வேர் வரை சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கி வரும்போது, "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு"ன்னு மஞ்சள் பத்து போடுபவர்கள் உண்டு. நாய் அழாது. ஒரு பக்கமாகவே மெல்லும், கெட்டியான சாப்பாட்டைக் கீழே போடும், வாய் நாறும். இது தெரிந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

இதைத் தவிர்க்கக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் சோதனை ரொம்ப எளிது. கட்டைவிரல் நகத்தால் பொருளை அழுத்துங்க. கொஞ்சமாவது தடம் விழணும். இல்லையென்றால் அந்தப் பொருளால் உங்க முழங்கால் சில்லில் தட்டுவதாகக் கற்பனை பண்ணிப் பாருங்க. "அய்யோ வலிக்கும்"னு தோணினா நாய்க்குக் கொடுக்காதீங்க.

எலும்பு போட்டால் என்ன தப்பு?

"எங்க தாத்தா காலத்துல இருந்து எலும்புதான் போடுறோம்" என்பது உண்மைதான். எலும்பு தின்று ஒன்றும் ஆகாத நாய்கள் நிறைய. ஆகும்போது நடப்பது என்ன என்பதைப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

முதலில், வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். குழம்பில் வெந்த ஆட்டெலும்பு, பிரியாணிக் கோழி எலும்பு எதுவானாலும் வேகும்போது அதன் நெகிழ்வு போய்விடுகிறது. கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். தொண்டை, குடல், கடைசியில் ஆசனவாய் வரை குத்திக்கொண்டே போகும்.

பச்சை எலும்பு அந்த அளவுக்குச் சிதறாது. ஆனால் மாட்டுத் தொடை எலும்பு மாதிரி கனமானது பல்லை உடைக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமி நாயின் வாயிலும் தரையிலும் ஒட்டி, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தைக்கும் வரலாம். வளையமாக அறுத்த மஜ்ஜை எலும்பில் இன்னொரு விசித்திரமான ஆபத்து. அது கீழ்த் தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி வளையல் மாதிரி மாட்டிக்கொள்ளும். நாயை மயக்கி, எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

பாக்கெட்டில் வருவது பாதுகாப்பு என்றும் நம்ப முடியாது. பதப்படுத்தி, புகையூட்டி விற்கும் எலும்புத் தின்பண்டங்கள் பற்றி 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை சுமார் 68 புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்தது. அவற்றில் பாதிக்கப்பட்ட நாய்கள் ஏறத்தாழ 90. இறந்ததாகச் சொல்லப்பட்டவை 15.

கடையில், ஆன்லைனில் கிடைப்பவை

முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்புதான் அதிகம் விற்பது. மாட்டுத் தோலின் உள் அடுக்கில் செய்வது. நிதானமாக மெல்லும் நாய்க்குப் பெரிய தொல்லை தராது. பலமாகக் கடிக்கும் நாய் அதைப் பிய்த்து, பெரிய துண்டாக விழுங்கும். துண்டு தொண்டையில் நிற்கும், இல்லாவிட்டால் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கும். இந்தக் கட்டுரை யாருக்காகவோ, அந்த நாய்க்கு இது சரிப்படாது.

இமயமலைப் பக்கத்துப் பாலில் செய்யும் கெட்டிச் சீஸ் கட்டி இப்போது ஃபேஷன். இயற்கைப் பொருள்தான், செரிக்கவும் செய்யும். ஆனால் நகத் தடம் விழாது. பலசாலி நாய்க்கு யோசித்துக் கொடுக்க வேண்டியது.

மான் கொம்பு? பல்லுக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. நம்ம ஊர்ப் புள்ளிமான், கடமான் கொம்பை வாங்குவதோ விற்பதோ 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்தேன் என்றாலும் தப்பிக்க முடியாது.

டென்னிஸ் பந்து மெத்துன்னு இருக்கேன்னு தோணும். அதன் மேல் இருக்கும் பஞ்சு மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். எறிந்து விளையாடலாம், மெல்ல விடக் கூடாது.

அப்போ எதைக் கொடுப்பது?

ரப்பர். அதுவும் நாய்க்கென்றே செய்த, உள்ளே குழி இருக்கும் கெட்டி ரப்பர் பொம்மை. இதற்கு ஒரு கதை உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை நாய் விடவே இல்லை. அந்த வடிவத்தில் இருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க விற்கும் 'காங்' ரப்பர் பொம்மை. ரப்பர் அழுத்தினால் உள்வாங்கும், விட்டால் திரும்பும். பல்லோடு மல்லுக்கட்டாது.

ரப்பர் மரம் நிற்கும் மாவட்டம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் என்றால் பழைய டயர் துண்டோ, தோட்டத்து ரப்பர் ஷீட்டோ, ஹவாய் செருப்போ இல்லை. டயருக்குள் கம்பி இருக்கிறது. மற்றது துண்டு துண்டாகப் பிய்ந்து வயிற்றுக்குள் போகும்.

பொம்மையின் குழிக்குள் உப்பில்லாத தயிர் சாதத்தையோ, வேகவைத்த பூசணி, முட்டையையோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு நாய் வேறு பக்கம் திரும்பாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது. கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சைலிட்டால் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்க வேண்டும். அது நாய்க்கு விஷம்.

செலவே இல்லாத வழியும் இருக்கு. சீனிக்கிழங்கை நீளவாக்கில் தடிமனாக நறுக்கி, அரைவேக்காடு வேகவைத்து, தோல் பதத்துக்கு வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம். எலும்பு மாதிரி ஆகும்வரை காயவிட வேண்டாம். தேங்காய் மட்டை கொடுப்பவர்களும் உண்டு. நாரைப் பிய்த்துத் துப்பும் நாய் என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். விழுங்கும் நாய் என்றால் வேண்டாம், நார் வயிற்றில் பந்தாகச் சுருண்டுவிடும். பூக்கட்டும் வாழைநார், நூல்கண்டு இதற்கும் அதே விதி. மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைப்பதில் பேர்போனவை.

எதைக் கொடுத்தாலும் நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தேய்ந்து ஒரே வாயில் விழுங்கும் அளவுக்கு வந்ததும் வாங்கிவிட வேண்டும். பிடுங்கினால் சீறும், வேறு தின்பண்டத்தைக் காட்டி மாற்றுங்க.

ஏன் இப்படிக் கடிக்கிறது?

மூன்றரை மாதம் முதல் ஏழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். ஈறு ஊறும், எதையாவது கடிக்கத்தான் செய்யும். வளர்ந்த நாய் என்றால் பெரும்பாலும் சலிப்பு. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து, ராத்திரி அவிழ்த்துவிடும் நாய்க்கு கட்டில் காலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? காலை, மாலை அரை மணி நேர நடை, கடையில் விற்கும் எந்தப் பொம்மையையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஆனால் நேற்று வரை சும்மா இருந்த நாய், திடீரென்று கல், மண், கட்டை என்று கண்டதையும் கடித்தால், குரல் மாறினால், எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் திணறினால் அது வெறிநோயாக இருக்கலாம். "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு"ன்னு நினைத்து வாய்க்குள் கை விடுவதுதான் இங்கே உயிருக்கே ஆபத்தான தவறு. தடுப்பூசி போடாத நாய் என்றால் தொடவே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்க. ஏற்கெனவே கைவிட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

எதையாவது விழுங்கிவிட்டால்

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடப்பது, வயிற்றைத் தொட்டால் முறைப்பது, மலம் வராமல் முக்குவது இதெல்லாம் குடல் அடைப்பின் அடையாளம். அரளி என்றால் எச்சில் ஊற்றும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வரும். அரளியைக் கடித்ததைப் பார்த்துவிட்டால், அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும். புளி கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று இப்போது தெரியவந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசின் கால்நடை அவசர உதவி எண் 1962. தோவாளைக்குப் பக்கத்தில் நாகர்கோவிலிலேயே கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்போது நாய் கடித்த பொருளின் மிச்சத்தையோ, அரளி என்றால் ஒரு கிளையையோ பையில் போட்டு எடுத்துப் போங்க. எத்தனை மணிக்குக் கடித்தது என்பதையும் டாக்டர் கேட்பார்.