ஒரு மீட்டரில் எத்தனை அலை?

ஒலியை நாம் நேரத்தைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். நொடிக்கு 1000 அதிர்வு என்றால் 1000 ஹெர்ட்ஸ். ஆனால் ஓர் அறையையோ கடலையோ கணினிக்குள் புள்ளிகளாகப் பரப்பி, அதில் ஒலியை ஓடவிட்டுப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: ஒரு மீட்டர் தூரத்துக்குள் இந்த அலை எவ்வளவு ஏறி இறங்குகிறது? அதற்கான பதில்தான் அலை எண்.

நிதானமாகக் கணக்குப் போடலாம். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை 1000ஆல் வகுத்தால் அலைநீளம் 34 சென்டிமீட்டர். மீட்டருக்குச் சுமார் மூன்று அலை. ஒரு முழு அலையை 2 பை (π) ரேடியன் என்று கொள்வது வழக்கம். ஆகவே அலை எண், மீட்டருக்கு 18.3 ரேடியன். அதே ஒலி தண்ணீருக்குள் போனால் வேகம் சுமார் 1480 மீட்டர், அலை எண் 4.2 மட்டுமே. அதிர்வெண் மாறவில்லை, அதை ஒலிமூலம் தீர்மானித்துவிட்டது. அலை எண்ணில் ஊடகத்துக்கும் பங்கு உண்டு.

இனி புள்ளிகளுக்கு வருவோம். கோலத்தில் புள்ளிகளை அகல வைத்துவிட்டு நடுவே சின்னச் சுழி போட முடியாது, இங்கேயும் அப்படித்தான். ஓர் அலைநீளத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும். பையைப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் வருவதே அந்தப் புள்ளி வலை தாங்கும் அலை எண்ணின் உச்சம். அதைத் தாண்டிய அலை மறைந்துபோவதில்லை; நீளமான வேறோர் அலையாகத் தோன்றி விடையையே கெடுத்துவிடும்.

உச்சத்துக்குள் இருந்தாலும் கவலை தீராது. பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தை வைத்து அழுத்தத்தின் சரிவைக் கணக்கிடும் எளிய முறையில், அலை எண் கூடக் கூட, கணினிக்குள் அலை உண்மையைவிட மெதுவாக நகர்கிறது. அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளி வைத்தாலும், காலப்படி (கணினி ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) மிகச் சிறியதாக இருந்தால், வேகத்தில் ஏறத்தாழ 1.6 சதவீதம் குறையும். நூறு அலைநீளம் ஓடி முடிப்பதற்குள் ஒன்றரை அலை பின்தங்கிவிடும். ஓடும் தூரம் நீள நீள, புள்ளிகளும் நெருக்கமாக வேண்டும்.

பிராட்லி ட்ரீபியும் பென் காக்ஸும் 2010இல் வெளியிட்ட 'கே-வேவ்' மென்பொருள் வேறு வழியில் போகிறது. அழுத்தத்தை ஃபூரியே முறையில் தனித்தனி அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சரிவையும் அதன் அலை எண்ணால் பெருக்கியே பெறுகிறது. அதனால் குறைந்த புள்ளிகளே போதும்.

இந்தத் துல்லியத்தை நம்பி மனிதர்கள் இருக்கிறார்கள். கை நடுக்கத்துக்கு, மண்டையோட்டைத் திறக்காமலே மூளைக்குள் மீயொலியைக் குவித்துச் சிகிச்சை செய்கிறார்கள். எலும்பில் ஒலி வேகமாகப் போவதால் அங்கே அலை எண் சுருங்கும். குவியும் இடம் நகரும். இந்தச் சிகிச்சையில் பயன்படும் 650 கிலோஹெர்ட்ஸில் மூளைத் திசுவில் அலைநீளமே சுமார் 2.4 மில்லிமீட்டர்தான். அரை அலை பிசகினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல்.

ஆகவே சிமுலேஷனைத் தொடங்குமுன், உங்கள் ஊடகங்களில் மிகக் குறைந்த வேகத்தையும் ஒலியில் மிக உயர்ந்த அதிர்வெண்ணையும் எடுங்கள். இரண்டும் சேர்ந்து தருவதே நீங்கள் சந்திக்கப்போகும் மிகப் பெரிய அலை எண். அதற்கேற்பப் புள்ளி இடைவெளியை முடிவுசெய்யுங்கள். அதிர்வெண் இரட்டித்தால் முப்பரிமாணத்தில் புள்ளிகள் 8 மடங்கு, காலப்படியும் பாதியாவதால் வேலை 16 மடங்கு. கணினி அந்தச் சுமையைத் தாங்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.