காவல் பணிக்குத் தோள்வலிமை மட்டும் போதுமா?

காவல்துறையில் சேர விரும்பும் மாணவருக்கு உடல் வலிமை இருந்தால் போதும் என்று எண்ணும் பெற்றோரைப் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் நாம் காண்கிறோம். நாள்தோறும் ஓடிப் பழகும் மகன் மொழிப் பாடத்தைப் புறக்கணித்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. இவ்வெண்ணம் பாதி உண்மையே.

குற்றவியல் நீதி என்பது பல படிகளைக் கொண்டது. காவல் அதிகாரி விசாரித்துச் சான்று திரட்டுகிறார். தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகம் வழக்குத் தொடுப்பதா என முடிவு செய்கிறது. நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. முதற்படியில் நேரும் பிழை இறுதிப்படி வரை தொடரக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மிதிவண்டியை ஒருவர் எடுத்துச் செல்கிறார். தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவின்படி, நேர்மையற்ற நோக்கம் இருந்தால்தான் அது திருட்டாகும். “எடுத்தேன்” என்று அவர் கூறியது “திருடினேன்” என்று பதிவானால் என்ன ஆகும்? ஒரு சொல்லால் ஒருவரின் வாழ்வே திசைமாறக்கூடும். ஆகவேதான், எழுதப்பட்ட வாக்குமூலத்தை அதைக் கூறியவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும், ஆங்கிலம் அறியாதவருக்கு அவர் அறிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்றும் 2010ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்த இளைஞரின் தேவை இங்கே விளங்கும்.

இதற்கான ஆயத்தத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். 1959இல் தோன்றிய தேசியப் போலீஸ் மாணவர் படை கட்டொழுங்கைக் கற்பிக்கிறது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுப் பாதுகாப்பு தொடர்பான பட்டக்கல்வி உண்டு. பட்டதாரிகள் இன்ஸ்பெக்டராகவும், அதற்குக் குறைந்த தகுதியுடையோர் சார்ஜண்டாகவும் சேரலாம். இவர்கள் பயிற்சி பெறும் ஹோம் டீம் அகாடமி, நம் பேட்டைக்கு மேற்கே, பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கிறது.

வீட்டிலும் ஒரு பயிற்சி செய்யலாம். அன்று நடந்த நிகழ்ச்சி ஒன்றைத் தாயோ தந்தையோ சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். கண்டது, கேட்டது, ஊகித்தது என மூன்றையும் பிரித்து எழுதிப் படித்துக் காட்டட்டும். “நான் சொன்னது இதுதான்” என்று சொன்னவர் ஒப்புக்கொள்ளும் நாளில், அப்பிள்ளை காவல் பணியின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டதாகக் கொள்ளலாம்.